ஏழாவது துளை

புதுவயலில், அரிசி மில்லுக்குப் பின்புறம்,
ஜெய்லானியின் தகரக் கொட்டகையில்
ஒருக்களித்துப் படுத்திருக்கிறது
என் ஸ்டாண்டர்டு டென்.
எஞ்சின் இல்லை, டேங்க் இல்லை, கண்ணாடிகள் இல்லை.
இடுப்புக்கு முட்டுக் கொடுத்திருப்பவை
லாரி டயர்கள் மூன்றும்
என் கிளினிக்கில் கழித்துப்போட்ட
நோயாளி நாற்காலியின் மெத்தையும்.

பள்ளத்தூர்க் காயலான் கடையில் எடைக்குப் போக இருந்ததை
மேலே இரண்டாயிரம் வைத்து நிறுத்தினேன்.
திங்கள் முதல் சனி வரை காரைக்குடியில் பல் பார்க்கிறேன்.
ஞாயிறு இங்கே.

"டாக்டரம்மா, மேலே பெயின்ட் அடிச்சு
ரிப்பன் கட்டிக் கல்யாணத்துக்கு விட்டா
நாளைக்கு எட்டாயிரம்" என்கிறார் மண்டபத்துச் சாத்தப்பன்.
அடியை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?
சிரித்தால் தெரிகிற ஆறு பல்லை மட்டும்
வெள்ளையாக்கச் சொல்லி வருகிறவர்களிடம்
வாயைத் திறங்க என்பேன், இன்னும் கொஞ்சம்.

முதலில் தண்ணீர்.
பீய்ச்சியதில் கரைந்து ஓடியது செம்மண்;
ஓடாமல் நின்ற சிவப்பு, துரு.
இந்தப் பக்கத்தில் இரண்டும் ஒரே நிறம்.
தண்ணீரிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்து தார்.
எந்தக் காலத்திலோ எவரோ அக்கறையாக
விரல் கனத்துக்குப் பூசிய கறுப்பு.
மண்ணெண்ணெய், சுரண்டி, சூட்டுக் காற்று.
மினுமினுவென்று நன்றாயிருந்த இடத்தில்தான்
வர்க்கி மாதிரி அடுக்கடுக்காய் உதிர்ந்தது தகடு.
விரிசல் வழி புகுந்த ஈரம்
வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குடித்தனம்.

ஆயில் சீல் போய், கியர்பாக்ஸ் ஒழுகி ஒழுகி
அசிங்கமாய்க் கிடந்த நடுப்பகுதியோ
துடைத்தால் புதுத் தகடு.
அந்த ஒழுகலைச் சரிசெய்யாத டிரைவருக்கு
வேலை போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜெய்லானி சுத்தியலால் தட்டுவான்,
நான் காதைக் கொடுப்பேன்.
டங். டங். டங். பொத்.
அந்த நாலாவதில் என் கொக்கி ஊசியை வைத்தால்
தானாக இறங்குகிறது.
"இத்தோட வெட்டிரலாமா?"
"இன்னும். பளிச்சுன்னு தெரியிற வரைக்கும்."
சொத்தை மேலேயே அடைப்பவர்களை எனக்குத் தெரியும்.
ஒருமுறை அவசரத்தில் நானே அடைத்திருக்கிறேன்,
கோட்டையூர் வாத்தியார் ஒருவருக்கு, கடைவாயில்.
மூன்றாம் மாதம் கன்னம் வீங்கி வந்து
ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

வெல்டிங் ஆறியபின் பாஸ்பாரிக் அமிலம்.
"கை பத்திரம்மா" என்றான்.
பல்லில் தினமும் தடவுகிற சரக்குதான் என்றதும்
தன் கடைவாயை ஒருதரம்
நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பிரைமருக்கு அமாவாசை வரை காத்திருந்தோம்.
அன்று மில் ஓடாது;
மற்ற நாளென்றால் தவிட்டுத் தூசி பறந்து வந்து
ஈரத்தில் மீசை முளைக்கும்.
சாம்பல் நிறம், இரண்டு கை.
இணைப்புகளில் பசை, கையுறை விரலால்,
ஈறோரம் ஒதுக்குவது போல.
அதற்கு மேல் கல் தெறித்தால் தாங்கும் பூச்சு,
கனமாக அல்ல.
கதவடிப் பெட்டிக்குள் மெழுகு;
பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தேன்,
மூலை வரை போயிருந்தது.

நிமிர்த்தினோம், ஆறு பேர் பிடித்து.
ஒரு சொம்புத் தண்ணீரைப் பெட்டியின் மேல்வாயில் ஊற்றச் சொல்லிவிட்டு
அடியில் போய்ப் படுத்தேன்.
வடிய ஏழு துளைகள்.
ஆறில் சொட்டியது.
ஏழாவதில் சத்தமில்லை.
எங்கள் பூச்சுதான்.
அறுபது வருஷத் துரு அடைக்காததை
ஒரே அமாவாசையில் நாங்கள் அடைத்திருக்கிறோம்.

சைக்கிள் கம்பி ஒன்று என் பக்கம் நீண்டது.
குத்தித் திருகினேன்.
பட்டாணி அளவில் சாம்பல் கட்டி விழுந்தது,
பின்னாலேயே தண்ணீர்,
நெற்றியில், கண்ணில், வாயில்.
"வருதா?" என்கிறான் மேலேயிருந்து.
துப்பிவிட்டுச் சொல்ல வேண்டும்.