சொன்ன பேச்சுக் கேட்காதது

பதினோரு டன் கம்ப்ரஸர்.
அது உட்கார வேண்டிய குழியில்
சுற்றிலும் ஒரு விரல் இடைவெளிதான்.
கூரை தாழ்வு; கிரேன் கழுத்தை நீட்ட வழியில்லை.
விகோவிலிருந்து வந்த பொறியாளர்
கூரையைப் பிரிக்கச் சொன்னார்.
ப்ரெய்ஷோ சங்கிலியைச் சபித்தான்.
நான் சிகரெட் தேடினேன்.

உஷியா அப்போது
மத்திப் பெட்டிகளுக்கு ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தாள்.
பத்தொன்பது வருடமாய் அவளுக்கும் ஐஸுக்கும்
ஒரே சண்டை:
கொஞ்சம் இரேன், லாரி வரட்டும்.
ஒருநாளும் அது இருந்ததில்லை.

குழியை எட்டிப் பார்த்தாள்.
"இதால நிரப்புங்க" என்றாள்,
"பாளம் பாளமா, தரைமட்டத்துக்கு."

நிரப்பினோம். தள்ளினோம்.
இரும்பு வழுக்கிக்கொண்டு போய்
குழிக்கு நேர்மேலே நின்றது.

பிறகு எங்களுக்கு வேலையில்லை.
அடியில் வடிகுழாய் மட்டும்
சொட்டிக்கொண்டிருந்தது.
பொறியாளர் மணிக்கொரு தரம் குனிந்து அளந்தார்:
இரண்டு சென்டிமீட்டர்.
இன்னும் இரண்டு.
துறைமுகத்தில் படகுகள் விளக்கணைத்தன.

விடியும்போது
தரையிலிருந்த போல்ட்டுகள்
அடித்தட்டின் ஓட்டைகளில்
ஒவ்வொன்றாய்த் தலை நீட்டின.

உஷியா ஷிஃப்ட்டுக்கு வந்தாள்.
இயந்திரத்தைப் பார்க்கவில்லை.
வாசல்வரை ஓடிவந்திருந்த ஈரத்தைப் பார்த்து
"போயிட்டியா" என்றாள்.
திட்டுகிற குரல்தான்.
ஆனால் மிதிக்காமல்
தாண்டிப் போனாள்.