வில் தூக்கி நின்ற இடம்

லா ஷோ-த-ஃபோனில் பெப்ரவரி.
தெருவோரம் ஆள் உயரத்துக்குப் பனி.
மண்டபத்துக்குள்ளே வால்நட் பலகைச் சுவர்கள்;
இருமினால் இருமல்கூட
விலை உயர்ந்ததாய்க் கேட்கிறது.

ஐம்பத்தெட்டுப் பேர்.
மூன்று மணித்தியாலம், நடுவில் இருபது நிமிட ஓய்வு,
ஒரு நிமிடம் கூடினாலும் தனிக் கணக்கு.
பீலில் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில்
பதினொரு வருடம் நான் வார்த்த கடைவாய்ப் பற்களெல்லாம்
இன்று வயலின் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன.

எட்டுப் பாட்டு. எட்டும் மற்றவர்கள் பாடியவை.
எனக்கென்று அதில் இருப்பது
மூச்சு வாங்கும் இடங்கள் மட்டும்.

ஐந்தாவது பாட்டை ஒரு கசெற்றில் இருந்து எடுத்தேன்,
பிரதிக்குப் பிரதி எடுத்த நாலாவது பிரதி.
கொழும்பு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்த ஏழு மாதமும்
கேட்க இருந்தது அது ஒன்றுதான்.
சரணத்தில் ஓரிடத்தில் அண்ணன்
சிவப்புப் பொத்தானைத் தவறி அமத்திவிட்டான்.
"கதவைத் திறந்து வைத்தேன்"
பிறகு ஒரு சட்டி மூடி விழும் சத்தம், அவனுடைய "சீ!"
பிறகு "காற்று வரட்டும்".

ஓட்டையோடுதான் பாட்டைப் பாடமாக்கினேன்.
சீயை விட்டேன்; மௌனத்தை வைத்துக்கொண்டேன்.
கல்யாண மண்டபங்களில் அந்த இடம் வந்தால்
கண்ணை மூடுவேன்.
என்ன பாவம் என்று சனம் சொல்லும்.
எந்தப் பாவம் என்று நான் கேட்டதில்லை.

வாத்தியங்களுக்கு எழுதியவர் லுசியென்.
நான் பாடி அனுப்பியதைக் கேட்டு
அச்சொட்டாக எழுதிவிட்டார்:
இரண்டு பார், ஐம்பத்தெட்டுப் பேருக்கும் ஓய்வு.
முதல் தடவை வாசித்தபோது
எல்லா வில்லும் நரம்பைவிட்டு எழுந்து
அந்தரத்தில் நின்றன.
கூரையில் பனி சறுக்கும் ஓசை கேட்டது.
யாரும் அழகு என்று சொல்லவில்லை. ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

ஓய்வு நேரத்தில் மிரெய் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டாள்.
ஒலிப்பதிவு அவள் பொறுப்பு; தமிழில் ஒரு சொல் தெரியாது.
சுருதி பார்க்க மூலப் பாட்டைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.
"துஷி, இங்கே நாலு சுரம் இருக்கிறதே,
நீ ஏன் பாடுவதில்லை?"

ஹெட்போனை மாட்டினேன்.

கதவைத் திறந்து வைத்தேன்
உனக்கல்ல
காற்று வரட்டும்.

முப்பத்திரண்டு வருடம்
எவனோ ஒருவனுக்காகக் கதவைத் திறந்துவைத்து,
கண்ணையும் மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.
அவள் அவனை அனுப்பிவிட்டுப்
புழுக்கத்துக்குத் திறந்திருக்கிறாள்.
சிரிப்பு வந்தது. கோப்பி ஆறிப்போய்விட்டது.

பதினாலு நிமிடம் மிச்சம்.
தாள்கள் எல்லாம் அச்சடித்தாயிற்று.
"ஏதாவது மாற்றமா?" என்றார் நடத்துநர் பெரெனிஸ்.
"இல்லை" என்றேன். பொய்தான்.

சிவப்பு விளக்கு.
அந்த இடம் வந்ததும் வில்கள் எழுந்தன.
கீழே தாங்க ஒரு செல்லோகூட இல்லாமல்
நாலு சுரத்தையும் பாடினேன்.
'ல்ல'வில் குரல் கொஞ்சம் பிசிறியது.
பெரிய முரசுக்காரர் தாளில் இருந்து தலை தூக்கினார்.
வில்கள் இறங்க ஒரு மயிரிழை பிந்தின.
பெரெனிஸின் கை நிற்கவில்லை.

பிறகு நேரம் முடிந்தது. பெட்டிகளின் கொளுக்கிகள் பூட்டும் சத்தம்.
இரண்டில் எதை வைப்பது என்று மிரெய் கேட்டாள்.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
பிசிறியதை அண்ணனுக்கு அனுப்பினேன்.
ஸ்காபரோவில் இருந்து பதில்:
"எல்லாம் சரி. என்ர சீ எங்கே?"

இரவு ரயில், பாதிப் பெட்டி காலி.
சொன்செபோவில் யாரோ
வெளியே நின்று பொத்தானை அமத்திவிட்டு
மனம் மாறிப் போய்விட்டார்கள் போல.
கதவு தன்பாட்டில் திறந்து கிடந்தது.
குளிர் உள்ளே வந்து முழங்காலைத் தொட்டது.
எதிரே இருந்த பையன்
காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டு
"பார்தோன்?" என்றான்.

வாய்விட்டுத்தான் சொல்லியிருக்கிறேன்.