விலைப்பட்டியலில் இல்லாத ஆடு

இத்தாலியில் இருக்கிற ரோம் இல்லை,
இது லெசோத்தோவின் ரோமா.
பல்கலைக்கழக நூலகத்தின் பின்வாசலில்
லாரி வந்து நின்றபோது
மலுட்டி மலைமேல் பனி இன்னும் கரையவில்லை.

ஒன்பது பெட்டிகள்.
கல்வி, மெய்யியல், சமயம், மொழி, பண்பாடு என்று
வெளியே யாரோ கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்கள்.
உள்ளே எல்லாம் கலந்து கிடந்தன,
மழைக்கு ஒரே கிடையில் அடைத்த
பல வீட்டு ஆடுகளைப் போல.

என் வேலை எளிது.
பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது,
முத்திரை குத்துவது, முதுகில் எண் ஒட்டுவது.
எந்த அலமாரி என்பதைப் புலேங் அம்மா சொல்வார்.
புதுப் புத்தகத்தின் பசை வாசனை எனக்குப் பிடிக்கும்.
படிப்பது பின்னட்டை மட்டும்.

அன்றைக்கு ஓர் அட்டையில்
சாம்பல் போர்வை போர்த்திய பையன்,
முகம் தெரியாத தூரத்தில்.
தலைப்பு நீளம். ‘அறிதல்’ இரண்டு முறை வந்தது.
விலை நூற்று இருபத்தெட்டு பவுண்டு,
எங்கள் சந்தைக் கணக்கில் ஓர் ஆடும் அரை ஆடும்.
பக்கம் நூற்றுப் பன்னிரண்டு தானாகத் திறந்துகொண்டது
(பொய். பொருளடக்கத்தில்
எங்கள் மேய்ச்சல் மலையின் பெயரைப் பார்த்துத்தான் புரட்டினேன்):

‘தபாங், மேய்ப்பன், வயது பதின்மூன்று:
“கடைசி ஆட்டை நாங்கள் எண்ணுவதில்லை.
எண்ணாத ஆட்டைக் குள்ளநரி தேடி வராது.”’

நான் சொன்னது.
பேரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.
தபாங் என்றால் ‘மகிழுங்கள்’.

பதினெட்டு வருடம் முன்பு,
செமொங்கொங்குக்கும் மேலே, கல் குடிசை வாசலில்,
நார்வேயோ டென்மார்க்கோ, ஒல்லியான பெண்
ஒலிப்பதிவுக் கருவியை என் வாய்க்கு நேரே நீட்டி
எத்தனை ஆடு என்று கேட்டாள்.
பக்கத்தில் குதிரைமேல் ஆட்டுக்காரர் மொட்லோமெலோ.
நாற்பத்திரண்டு என்று சொல்லவேண்டும்.
நாற்பத்தொன்றுதான் இருந்தது.
காது கிழிந்த பெட்டை ஆடு
முந்தின நாள் மூடுபனியில் ஆற்றுப் பக்கம்
போனது போனதுதான்.
பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
அவள் கண் விரிந்தது.
பிஸ்கெட் பொட்டலத்தை முழுதாகக் கொடுத்தாள்.
மொட்லோமெலோ ஒன்றும் சொல்லவில்லை.
ராத்திரி எண்ணிப் பார்த்தார், இரண்டு தடவை.
வருடக் கூலியில் ஓர் ஆடு குறைந்தது.

இப்போது அது நான்காம் இயல்.
எண்ணப்படாததன் மெய்யியல்.
என் வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு
ஆன்மா வரைக்கும் போகிறாள் அவள்.
அடிக்குறிப்பில் ஒருவர் மறுக்கிறார்.
அந்த மலைகளின் மிகப் பழைய நம்பிக்கை இது
என்கிறார் இன்னொருவர், அங்கே வந்தே இராதவர்.

நின்றவாக்கில் இயல் முழுவதையும் படித்தேன்.
வெட்கமாக இருந்தது.
சொல்லக் கூடாது, ஆனால்
நன்றாகவும் இருந்தது.
குளிரில் பல் தந்தியடித்த அந்த வாய்
உண்மையைச் சொல்லியிருந்தால்
ஒரு பக்கம்கூட வந்திருக்காது.

“மொஹாபி, அது எந்த அலமாரிக்கு?
கல்வியா, சமயமா?”
“ஆடு வளர்ப்பு” என்றேன்.
புலேங் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
மெய்யியல் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

கடைசிப் பக்கங்களின் சொல்லடைவில் தேடினேன்.
‘ஆடு’ பதினோரு இடம்.
‘காது’ இல்லை. ‘மூடுபனி’ இல்லை.
‘பிஸ்கெட்’ எப்படி இருக்கும்?

நூல்களில் எழுதாதீர் என்ற பலகையை
இந்த வாசலில் மாட்டியவனே நான்.
பென்சிலை எடுத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில்
எறும்பளவில் எழுதினேன்:

41.

அதற்குள் ஆறாம் பெட்டியைப் பிரித்திருந்தார்கள்.