சொரணை

ஆசாரிப்பள்ளம். ஆய்வகத்தின் வடக்கு ஜன்னல்.
வெளியே மழை, ஒரு ஆட்டோ, பாதி வேளிமலை.
உள்ளே நான், மைக்ராஸ்கோப்,
கண்ணாடித் துண்டில்
சொர்ணபாயின் இடது காதுமடல்.

முழு மடலும் இல்லை.
கம்மலைக் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டு
"நோவுமா சாரே?" என்றாள்.
ரத்தம் வராதபடி விரலால் அழுத்திப் பிடித்து
ஒரு அரிசி நீளத்துக்குக் கீறி
சுரண்டி எடுத்த சதைச்சாறு.
"எப்ப கீறப்போறீங்க?" என்றாள்,
நான் பஞ்சை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது.

கருங்கல் பக்கம் அண்டியாபீஸில் பதினேழு வருடம்.
சாம்பல் தொட்டு ஒரே தட்டு,
பருப்பு முழுசாய் விழும்.
தோட்டு எண்ணெய் பட்ட இடம் வெந்து
மற்றப் பெண்கள் விரலை உதறி உதறி ஊதுவார்கள்.
இவள் ஊதுவதில்லை.
"ஒனக்கு இரும்புக் கையாக்கும்" என்று
ஓணத்துக்கு ஒரு சேலை கொடுத்தார் மேஸ்திரி.
நாலு வருடமாக கிலோவில் இவள்தான் முதல்.
உள்ளங்கைப் புண் சீழ் வைத்து வந்த அன்று
நர்ஸ் ஜெசிந்தா பேனா முனையால் தொட்டாள்.
தொட்டது யாருக்கோ போல
சொர்ணபாய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

உடம்பின் செல்களுக்கெல்லாம் எழுத்து ஒன்றுதான்.
கண்ணில் இருப்பது வெளிச்சத்தைப் படிக்கும்,
தசையில் இருப்பது சுருங்கி விரியும்,
நரம்பின் மேல் இருக்கிற இது
சுற்றும்.
சுற்றுவதுதான் அதன் தொழில்.
சுடுகிறது என்ற சேதி
விரல்நுனியிலிருந்து தலைக்குப் போகும் வழியில்
சிந்தாமல் இருக்க.

இந்தக் கிருமிக்கு அவசரமே கிடையாது.
ஒன்று இரண்டாக இரண்டு வாரம்.
குளிர்ந்த இடம் பிடிக்கும்: காது, மூக்கு, விரல்.
உறைச்செல்லின் மேலே ஒரு கைப்பிடி உண்டு,
வேறு எதற்கோ வைத்தது.
அதைப் பற்றி உள்ளே போகும்.
கதவை உடைக்காது,
குடியிருக்கும்.
எலிகளில் பார்த்திருக்கிறார்கள்:
நாளாக நாளாக அந்தச் செல்
சுற்றுவதை மறந்துவிடுமாம்,
எந்த வேலையும் படியாத
கருவின் நாட்களுக்குத் திரும்பிவிடுமாம்.
அதைப் படித்தபோது எனக்கு இரவுப் பணி.
டீ ஆறிப்போனது.

தின்னிச் செல்கள் வந்தன, விழுங்கின,
செரிக்கத்தான் முடியவில்லை.
இதோ நீலத் தரையில் சிவப்பாய்,
பீடிக்கட்டு பீடிக்கட்டாய்.
நான்கு பிளஸ்.

படிவத்தில் ஒரு கட்டம்.
சொரணை: உண்டு, இல்லை.
வலது சுண்டுவிரல், இல்லை.
மோதிரவிரலில் பாதி, இல்லை.
பெயர் எழுதிய கிளார்க் புள்ளியை விட்டிருந்தார்:
சொரணபாய்.
புள்ளி வைத்தேன்.
இந்த ஊரில் அந்தச் சொல்லைச்
சண்டையில்தான் வெளியே எடுப்பார்கள்.

மாத்திரை அட்டை, பன்னிரண்டு மாதம்.
மூத்திரம் சிவக்கும், முகம் கறுக்கும், பயப்படாதே,
இனி யாருக்கும் ஒட்டாது,
கையுறை போட்டுத்தான் உடைக்க வேண்டும்.
கம்மலைத் திருகிக்கொண்டே கேட்டாள்:
"சொரணை வந்தா கிலோ கொறையுமே சாரே?"
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

அடுத்த மழைக்கு வந்தாள், முகம் கறுத்து.
அண்டியாபீஸில் இப்போது ஒன்பதாவது இடம்.
சேலை வேறு யாருக்கோ போயிற்று.
சுண்டுவிரல் இன்னும் பேசவில்லை, பேசாமலும் போகலாம்.
மடலைப் பிடித்துக் கீறினேன்.
ஸ்ஸ் என்று தலையை இழுத்தாள்.
கீறல் கோணி, ரத்தம் வந்து, ஸ்லைடு வீண்.
"கண்ணு தெரியல்லியா சாரே!"

இரண்டாவது ஸ்லைடில் குச்சிகள் இருந்தன,
நொறுங்கி, தூளாய், செத்தவை.
உடம்பு அதைக் கூட்டித் தள்ள
இன்னும் சில வருடம் ஆகும்.
அவள் காதைப் பொத்திக்கொண்டே
பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணினாள்,
இடது கையால்.