ஓரத்து வாத்து

பண்ணாரியில் தடுப்புக் கம்பி இறங்கிவிட்டது.
ஆறு மணிக்கு மேல் மலை லாரிக்கு இல்லை.
சென்னிமலைப் போர்வை நூற்றெண்பது கட்டு
தார்ப்பாய்க்கு அடியில் கதகதப்பாக.
நான் முன்னால், கண்ணாடி ஏறாத ஜன்னலோரம்.
முப்பத்தொரு வண்டி. என்னுடையது கடைசி.

எட்டேகாலுக்கு சஷ்மிதா கூப்பிட்டாள்.
"ஏனுங்ப்பா, புக்கு எங்கீங்க?"
ஈரோட்டுப் பழைய பேப்பர் கடையில் வாங்கியது,
வீட்டில் இறக்க மறந்தது,
எலுமிச்சம்பழத்துக்கும் டோல் சீட்டுக்கும் நடுவே கிடந்தது.
"இங்கதான் இருக்குது அம்மிணி."
"அப்பப் படிங்க. படத்தையும் படிங்க."

படத்தை எப்படிப் படிக்கிறது?
லைட்டைப் போட்டேன். ஈசல் நாலு வந்தது.
முதல் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி,
கழுத்தைப் பின்னால் வளைத்து
தன் முதுகையே தலையணையாக்கி.
"அத்தாம் பெரிய கழுத்து எப்படீங்க மடங்கும்?"
தார்ப்பாய் கட்டி மிச்சமான கயிற்றைச் சுருட்டுவேனே,
அப்படி என்றேன்.
ஓ என்றாள்.

அடுத்தது நீர்நாய் ரெண்டு, மல்லாக்க மிதந்து,
அலை பிரித்துவிடாமல் கையைக் கோத்துக்கொண்டு.
"பவானி ஆத்துலீங்களா?"
"கடல்ல."
"கடலுக்கு எத்தன கிலோமீட்டர்?"
வண்டிக்காரன் மகள்.

பிறகு வாத்துகள், ஒரே கட்டையில் வரிசையாக.
நடுவில் இருப்பவை ரெண்டு கண்ணையும் மூடும்.
ஓரத்து வாத்து மட்டும்
வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்தே வைத்துத் தூங்குமாம்.
மூளையில் பாதிக்குத்தான் லீவு.
இதை இன்னொரு தடவை படித்தேன்.
அவள் கேட்கவில்லை.
போன மாசம் இதே இடத்தில்
கடைசி வண்டியில் டீசல் உறிஞ்சிவிட்டார்கள்,
குழாய் போட்டு, நாய்கூடக் குரைக்காமல்.

பதினாலாம் பக்கத்தைத் திருப்பினால் பதினேழு.
நடுத்தாளை யாரோ கிழித்திருக்கிறார்கள்.
தையலோரம் ஒரு விரற்கடை மிச்சம்,
ஆரஞ்சு நிறம், அதில் கறுப்புக் கோடு.
சொன்னேன்.
"புலீங்களா?"
புலிதான்.
"அது எப்படீங்க தூங்கும்?"

இந்தப் புத்தகத்தில் பொழுது சாய்ந்தால் எல்லாம் தூங்குகின்றன.
பக்கத்துக்குப் பக்கம் மூலையில் ஒரு மஞ்சள் நிலா.
கம்பிக்கு அந்தப் பக்கம் அப்படி இல்லை.
இருபத்தேழு கொண்டை ஊசி வளைவும் காலி.
தார் ரோட்டின் சூடு ஆறுவதற்குள்
ஒவ்வொன்றாக எழுந்து நடக்கப் போகின்றன.
தூங்கச் சொல்லியிருப்பது எங்களைத்தான்:
பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம்,
ஒன்றின் மூக்கு இன்னொன்றின் வாலில் படும்படி.
கிளீனர் பூவேந்திரன் வண்டிக்கு அடியில் சாக்கு விரித்து,
கைலியைத் தலைவரை இழுத்து.
எங்களைப் படம் போட்டால் எந்தப் பக்கத்தில் வைப்பார்கள்?

"அப்பா?"
"தெரியல சாமி. அந்தத் தாளைக் காணம்."
கொஞ்ச நேரம் அவள் மூச்சு மட்டும்.
பிறகு, பாதித் தூக்கத்தில்:
"அது இன்னும் தூங்குலயாட்ட இருக்குதுங்க.
அதான் புக்குக்கு வர்ல."

கோகிலா போனை வாங்கினாள்.
தூங்கிட்டா, என்றாள். சாப்டீங்களா?
ஆச்சு, என்றேன். ஆகவில்லை.

மிச்சப் பக்கங்களை நானே பார்த்தேன்.
கடைசி அட்டையில் பென்சில் எழுத்து:
ம. ரித்திக், இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு.
ஏதோ ஒரு வீட்டில்,
சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய சுவரில்
அந்தப் புலி இருக்கும்.
அவனுக்குத் தெரியும் அது எப்படித் தூங்கும் என்று.

குளிர் இறங்குகிறது.
பின்னால் நூற்றெண்பது கட்டு. ஒன்றைப் பிரித்தாலும் சீல் போய்விடும்.
துண்டை உதறிப் போர்த்திக்கொண்டேன்.
முன்வண்டிகளில் லைட் ஒவ்வொன்றாக அணைந்தது.
காட்டுக்குள் எங்கோ மூங்கில் முறியும் சத்தம்,
அப்புறம் நிதானமாக இன்னொன்று.

வெளிப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.