மேற்கு: வாவி

வடக்கு: ஆதம்பாவாவின் வளவு.
கிழக்கு: ஒழுங்கை.
தெற்கு: மீராலெவ்வை பெண்சாதி பாத்தும்மாவின் கிடுகு வேலி.
மேற்கு: வாவி.

எழுபத்து நாலாம் ஆண்டு நொத்தாரிசு
இவ்வளவும் எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்.
விஸ்தீரணம் இருபத்து நாலு பேர்ச்சஸ்.
தென்னை பதினொன்று, கிணறு ஒன்று.
இதைத்தான் உறுதி என்கிறோம்.

இப்போது கிடுகு வேலி மதிலாகிவிட்டது,
மதில் மூன்று அங்குலம் நகர்ந்துமிருக்கிறது.
தென்னை ஒன்றுமில்லை.
கிணற்றின் மேல் யாரோ குளியலறை கட்டியிருக்கிறார்கள்.
நான் முக்காலியை விரித்து
ஒழுங்கைப் பக்கமிருந்து அளக்கத் தொடங்கினேன்.

காத்தான்குடியில்
ஒரு மகளுக்கு ஒரு வீடு.
எந்த வர்த்தமானியிலும் வராத சட்டம்,
மீறியவர் யாருமில்லை.
உதுமாலெவ்வைக்கு நாலு.
மூத்தவளுக்கு எட்டு, நஸீஹாவுக்கு எட்டு, ஜெஸீமாவுக்கு எட்டு.
கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.
"கடைசிக் குமர் ஒண்டு இரிக்கி சேர்" என்றார்,
ஏதோ நான் அளந்தால் காணி கூடும் என்பதுபோல.

வீடுகளுக்குப் பின்னே போனோம்.
அங்கே காணி கூடித்தான் இருந்தது.

உடைந்த ஓடு, சுண்ணாம்புச் சுவர்த் துண்டு,
பிரியாணிச் சட்டி அடி, பழைய மலசலகூடக் கல்.
நாலு வருஷமாக மிசின் பெட்டி மிசின் பெட்டியாக
வாவிக்குள் கொட்டியிருக்கிறார்.
மேலே ஒரு சாண் கிரவல்.
கண்ணாப் பற்றை ஒன்று மட்டும் நடுவில்
பாதி புதைந்து, பாதி பச்சையாய்.

பேரின்பத்தைக் கம்பத்தோடு அனுப்பினேன்,
செருப்புக்குள் சேறு ஏற நின்றான்.
ஏழு தசம் இரண்டு பேர்ச்சஸ்.
நகரசபை ஆறு கேட்கும், வீட்டுக்கு.
மிச்சம் ஒன்று தசம் இரண்டும்
அவர் கண்ணில் தெரிந்தது.

"பத்து வருஷம் ஆண்டா ஆட்சி உறுதி எழுதலாமாமே?"

எழுதலாம், தனியார் காணி என்றால்.
இது அரசுக்கு.
அதற்கு முன் இறாலுக்கு.
இதற்கெல்லாம் முன் மார்கழி வெள்ளத்துக்கு,
அதற்குப் படுக்க இடம் வேண்டும்.
போன மழையில் ஒழுங்கை வரைக்கும் வந்து
மூன்று மகள்மாரின் வீட்டிலும்
அது படுத்துப் போன கறை, சுவரில், முழங்கால் அளவு.
இதை நான் சொல்லவில்லை.
"பதிவகத்தில் எடுக்கமாட்டார்கள்" என்றேன், அவ்வளவுதான்.

தேத்தண்ணி கொண்டுவந்தது ஹம்னா.
கடைசிக் குமர்.
வங்கி ஒன்றில் வேலை, பேச்சில் தெரிந்தது.
வெள்ளைத் தாளில் நான் கீறுவதைப் பார்த்திருந்துவிட்டு
"சேர், ராத்தா வீட்டு மேல்மாடிக்கு
தனியா உறுதி முடிக்க ஏலுமா?" என்றாள்.
"நிலம் இல்லாம, மேல மட்டும்?"

ஏலும், என்றேன்.
அதற்கொரு சட்டம் உண்டு, அதற்கொரு வரைபடம் உண்டு.
அத்திவாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும்,
படி எல்லோருக்கும் பொது,
மச்சான் சம்மதித்து ராத்தா கையெழுத்து வைக்க வேண்டும்.

அவள் சிரித்தாள்.
"அதுக்கு ஆத்த நிரப்புறது லேசு, சேர்."

உதுமாலெவ்வை சிரிக்கவில்லை.
கிரவலைப் பார்த்தபடி
லோட் கணக்கை வாய்க்குள் கூட்டிக்கொண்டிருந்தார்.

பழைய கரையில் எல்லைக்கல்லுக்குக் குழி வெட்டினான் பேரின்பம்.
இரண்டடியில் ஓட்டுத் துண்டு.
இரண்டரையில் கறுத்த சேறு, அதில் ஒரு சிப்பி.
மூன்றாவது அடிக்கு முன்னமே தண்ணீர் ஊறி
அவன் விரல்களுக்கிடையில் வந்து நின்றது,
உப்புமில்லை நன்னீருமில்லை.

கல்லை இறக்கினோம்.

மாலை, கந்தோரில், வரைபடத்தின் இடது ஓரத்தில்
முறிகோடு ஒன்று போட்டேன்.
உறுதியில் இருந்த அதே சொல்லை எழுதினேன்.
பிறகு, வழக்கத்தில் இல்லாதபடி,
பக்கத்தில் அன்றைய தேதியையும்.

மேற்கு: வாவி,
அளந்த நாளில் அது நின்ற இடம்.