ஔ விசை

என் கீபோர்டில் முதலில் அழிந்தது
ஔ இருக்கும் விசைதான்.
உசிலம்பட்டி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
பதினோரு வருஷமாய்ப் பத்திரம் அடிக்கிறேன்,
ஔவில் தொடங்கும் ஊரோ ஆளோ
ஒருவரும் வந்ததில்லை.
கன்ட்ரோலோடு சேர்த்துப் பிடித்து
எழுதியதை எழுதாமல் ஆக்கியே
தேய்ந்துபோனது அது.

அன்றைக்கு அண்ணன் தம்பி,
தவமணியும் செல்லக்கண்ணுவும்.
பின்னால், ஸ்டூல் இருந்தும் உட்காராமல், ஒச்சம்மாள்.
அ ஷெட்யூல் முடிந்தது. ஆ முடிந்தது.
இ-யில் பாதி போனபோது தவமணி சொன்னார்:
"தங்கச்சி விட்டுக்கொடுத்துருச்சு. அதை எடுத்துருங்க."

ஔ.
நான்கெல்லை போனது.
ஔ.
சர்வே எண் போனது.
ஔ. ஔ.
அவள் பேர் போனது, 'மகள்' என்ற சொல்லோடு.

எங்கள் எடிட்டர் சாதாரணமானது.
முழுப் பத்திரத்தை அது மனதில் வைப்பதில்லை.
எந்த இடத்தில் என்ன போட்டாய், என்ன எடுத்தாய்,
அவ்வளவுதான் அதன் கணக்கு.
தேனி ரோட்டில் ஓடும் ஷேர் ஆட்டோ மாதிரி:
கடைசியில் ஏறியவர் இறங்கினால்தான்
உள்ளே இருப்பவர் காலை நகர்த்த முடியும்.
இறங்கியவர்கள் எங்கும் போய்விடுவதில்லை,
ரோட்டோரம் நிற்கிறார்கள்.
ள விசையை அழுத்தினால்
கடைசியாய் இறங்கியவர் முதலில் ஏறுவார்,
அதற்குள் புதிதாய் ஓர் ஆள் ஏறாத வரைக்கும்.
ஏறிவிட்டால் வண்டி கிளம்பிவிடும்.
நிற்பவர்கள் நின்றதுதான்.

இதெல்லாம் ஒச்சம்மாளுக்குத் தெரியாது.
திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:
"நான் எப்ப விட்டுக்கொடுத்தேன்?"

செல்லக்கண்ணு செருப்பைப் பார்த்தார்.
தவமணி எழுந்து டீ சொல்லப் போனார்.
திரும்பி வர நேரமானது.
"சரி, இருந்ததை இருந்தபடி போடுங்க."

ள-வுக்கு விரல் போகும் முன்
கட்டைவிரல் ஸ்பேஸ்பாரில் பட்டுவிட்டது.
ஒரு வெற்றிடம். அதற்கே
வண்டி கிளம்பிவிட்டது.
ள-வை அழுத்தினேன், மறுபடி அழுத்தினேன்.
வெற்றிடத்தை அழித்துவிட்டும் அழுத்தினேன்.
ஒன்றும் ஏறவில்லை.

முதலில் அடித்தது தவமணியின் துண்டுச்சீட்டைப் பார்த்து.
இந்தப் பையில் இல்லை, அந்தப் பையில் இல்லை என்று
அவர் தடவிக்கொண்டிருக்கும்போதே
அவள் ஆரம்பித்தாள்:
"ஓடைக்குக் கெழக்க. மாயன் புஞ்சைக்குத் தெக்க.
வண்டிப்பாதைக்கு மேக்க. எங்க பெரியண்ணன் பங்குக்கு வடக்க."
சீட்டில் இருந்த அதே எல்லைகள்.
அப்புறம், சீட்டில் இல்லாத ஒன்று:
"கெணத்துல மூணுல ஒரு பங்கு.
மோட்டார் ரூமு சாவியோட."

யார் முகத்தையும் பார்க்காமல் அடித்தேன்.
எடுத்துருங்க என்று யாரும் சொல்லவில்லை.

விரல் தானாய்ப் பட்டதா என்று
ராத்திரி வீட்டில் கேட்டார்கள்.
விழுந்த எழுத்தைத்தான் எடிட்டர் குறிக்கும்,
விரலை அல்ல என்றேன்.

டீ மூன்றுதான் வந்திருந்தது.
எனக்கென்று நீட்டியதை
ஒச்சம்மாள் வாங்கிக்கொண்டு
ஸ்டூலில் உட்கார்ந்தாள்.